கண்ணாடி இருக்குது, வாங்காதீங்க

வேலூர்
17.11.1982

சகாதேவன் அண்ணனுக்கு ரேணுகா எழுதறது.

ரெண்டு வருஷமா எழுதாதவ இப்ப எதுக்கு எழுதறான்னு நினைப்பீங்க. பழைய சண்டையை இழுக்க எழுதல. வேற வழியில்லாம எழுதறேன்.

நேத்து சாயங்காலம் வேதா வாசப்படியில உக்காந்து உங்க கடலை மிட்டாயைத் தின்னுக்கிட்டு இருந்தா. திடீர்னு வீல்னு கத்தினா. ஓடிப்போய் வாயைத் தொறந்து பார்த்தா ஈறெல்லாம் ரத்தம். நான் முதல்ல பல்லு ஆடுதோன்னு நினைச்சேன். நாலு வயசுக்குப் பல்லு எங்க ஆடும்? விரலை விட்டுத் துழாவினேன், என் விரலையும் கிழிச்சுது. எடுத்துப் பார்த்தா கண்ணாடித் துண்டு. பாகுல ஒட்டிக்கிட்டு, பார்க்கறதுக்கு கற்கண்டு மாதிரி மினுங்குது. மிச்சம் இருந்த மிட்டாயை உடைச்சுப் பார்த்தேன். அதுலயும் ஒரு சின்னத் துண்டு.

முழுங்கினதுல எத்தனை போச்சோ தெரியல. டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, வாழைப்பழமும் குழைய வடிச்ச சோறும் குடுங்க, வெளிக்குப் போறதைப் பார்த்துக்கிட்டே இருங்க, வாந்தி எடுத்தாலோ வயிறு கல்லு மாதிரி ஆனாலோ உடனே தூக்கிக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காரு. நான் அவ வயித்து மேல கையை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்.

உங்க மிட்டாய் எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. பஸ் ஸ்டாண்டுக் கடையில நான்தான் வாங்கறது. பாக்கெட் மேல அப்பா படம் போட்டிருக்கீங்களே, அதுக்காக. வேதா அப்பாவுக்கும் தெரியும். அவரு ஒண்ணும் சொல்றதில்ல.

அங்க என்ன நடந்துச்சுன்னு பாருங்க. தீபம் வருது. ஜனங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க. சீக்கிரம் பாருங்க.

ரேணுகா


திருவண்ணாமலை
19.11.1982

ரேணுகாவுக்கு,

உன் கடிதம் வந்தது. குழந்தைக்கு இப்படி ஆனது எனக்கு வருத்தம்தான். உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். ஆதிலட்சுமி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அவ்வளவு வேதனை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயரில் இந்தத் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்து ராஜமாணிக்கம் கடலை மிட்டாயில் ஒரு கல் இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. கடலையை இரண்டு முறை புடைக்கிறோம். வெல்லப்பாகைத் துணியில் வடிகட்டுகிறோம். கண்ணாடி எங்கிருந்து வரும்? பட்டறையில் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றுகூட நான் வைத்துக்கொள்வதில்லை. உன் வீட்டுக்காரர் இங்கே என்னோடு கூட்டாக இருந்தபோது அவருக்கே தெரியும்.

அவர் போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். 'உங்க பேரு கெடறதை நான் பார்க்கத்தான் போறேன்' என்றார். வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வேலூரிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் நான் என்ன நினைப்பது? நீ பொய் சொல்வாய் என்று சொல்லவில்லை. உன்னை எழுதச் சொன்னது யார் என்றுதான் கேட்கிறேன்.

உண்மையில் அப்படி ஒரு துண்டு இருந்தால் எனக்கு அனுப்பு. பார்க்கிறேன்.

என்னை 'நீங்க' என்று எழுதியிருக்கிறாய். சரி.

சகாதேவன்


வேலூர்
21.11.1982

அண்ணா,

நீ கேட்டியே, இந்தா. பஞ்சுல சுத்தி, அட்டைக்கு நடுவுல வெச்சு ஒட்டியிருக்கேன். பிரிக்கும்போது கை பத்திரம். பெரிய துண்டு வேதா வாயிலிருந்து எடுத்தது. சின்னது மிட்டாய்க்குள்ள இருந்தது.

என்னை எழுதச் சொன்னது யாருன்னு கேட்டியே. சொல்றேன். ராத்திரி பூரா 'வாய் எரியுதும்மா'ன்னு அழுததே ஒரு குழந்தை, அதுதான். வேதா அப்பா என்ன சொன்னாருன்னும் கேட்டுக்கோ. 'எழுதாதே, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு உங்க அண்ணன் சொல்லுவாரு'ன்னாரு. உன் கடுதாசி வந்ததும் நான் அதை அவருக்குக் காட்டல. மடிச்சு அரிசிப் பானைக்கு அடியில வெச்சேன். எப்படியோ எடுத்துப் படிச்சுட்டாரு. சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. பஸ் ஸ்டாண்டுக் கடையில உன் மிட்டாய் என்ன இருந்துச்சோ எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வந்து, ணங்கு ணங்குன்னு உலக்கையால இடிச்சுப் பார்த்தாரு. அதுலயும் ஒரு பாக்கெட்டுல இருந்துச்சு.

உன் பேரைக் கெடுக்கறவன் கடைக்காரன் கிட்ட நாலு பேரு கேக்கற மாதிரி கத்தியிருப்பான். இவரு கத்தல.

அவரு அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னாருன்னு நீ யோசிச்சதே இல்ல. கடலையில பூஞ்சை வாடை வருதுன்னு சொன்னதுக்கு, வேலைக்காரங்க எதிர்ல, 'பொண்டாட்டி வீட்டுல திங்கறவன் வாயை மூடு'ன்னு சொன்னே. உன் கோவத்துக்கு முன்னாடி யாரு வந்து குறை சொல்லுவாங்க? நானே முதல் கடுதாசியை ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டுட்டுத்தான் எழுதினேன்.

வேதாவுக்கு வாந்தி இல்ல. ஆனா வெளிக்குப் போகல. எனக்குச் சோறு இறங்கல.

ரேணுகா


திருவண்ணாமலை
23.11.1982

தங்கச்சி ரேணுகாவுக்கு,

என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூட இப்போது நேரம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய துண்டைப் பட்டறையில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய கண்ணாடி. லேசாக வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. எங்கேயோ பார்த்ததாக இருக்கிறதே என்று நிமிர்ந்தேன். பாகு கொட்டிப் பரப்பும் பலகைக்கு மேலே இருக்கும் டியூப்லைட் மட்டும் பளீரென்று எரிகிறது. மற்றதெல்லாம் ஓரம் கறுத்துப்போன பழசு.

'இதை எப்போ மாத்தினது?' என்று கேட்டேன். அடுப்படியில் இருக்கும் எல்லம்மாள், உனக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் அண்ணிதான் வந்து நின்றாள். 'நான்தாங்க மாத்தச் சொன்னேன்' என்றாள்.

நான் கடலை வாங்கத் திண்டிவனம் போயிருந்த அன்று கரண்ட் ஏறி இறங்கியிருக்கிறது. டியூப்லைட் பட்டென்று வெடித்துப் பலகை மேலேயே கொட்டியிருக்கிறது. பலகையில் இருந்ததை எல்லாம் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் அண்டாவில் பாகு இருந்தது. அதற்குள்ளும் கூடைக் கடலைக்குள்ளும் தெறித்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இல்லை, தோன்றியிருக்கிறது. எல்லம்மாள் சொல்லியிருக்கிறாள். தீபத்துக்கு ஆர்டர் நிற்கிறதே, அண்டாவைக் கொட்டினால் நான் என்ன ஆட்டம் ஆடுவேனோ என்று உன் அண்ணி மேலாக அள்ளிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரச் சொல்லியிருக்கிறாள். 'உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க' என்றாள். உன் முதல் கடிதத்தைப் படித்தபோது எழுந்து போனது அதனால்தான். நான் வேதனை என்று நினைத்தேன்.

அவளைத் திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. 'உன் கோவத்துக்கு முன்னாடி' என்று நீ எழுதிய வரி ஞாபகத்துக்கு வந்தது.

அடுப்பை அணைத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. எந்தப் பாக்கெட் எந்த நாளில் போட்டது என்று எதிலும் அடையாளம் இல்லை. எல்லாம் ஒரே பாலிதீன் பை, அப்பா படம் போட்ட ஒரே சீட்டு. மெழுகுவத்தியில் காட்டி ஒட்டி மூட்டை கட்டிவிடுகிறோம். வேலூர், ஆரணி, போளூர், செங்கம் என்று பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. இங்கே சன்னதித் தெருவிலும் மலை சுற்றும் வழியிலும் கடை போட்டிருக்கிறவர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. கொடி ஏறிவிட்டது. ஊரில் கால் வைக்க இடம் இல்லை.

மளிகை மண்டி ஆதிமூலம் யோசனை சொன்னார். 'கண்ணாடின்னு வாயைத் தொறக்காத சகாதேவா. வெல்லம் புளிச்சுப்போச்சு, சரக்கைத் திருப்பி அனுப்புங்கன்னு கடைக்காரங்களுக்கு மட்டும் கார்டு போடு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும்' என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தபால் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? பஸ் கண்டக்டரிடம் பதில் கொடுத்தனுப்பு.

வேதா எப்படி இருக்கிறாள் என்று முதல் வரியில் எழுது.

சகாதேவன்


வேலூர்
24.11.1982

அண்ணா,

வேதா இன்னிக்குக் காலையில வெளிக்குப் போனா. குச்சியை வெச்சுக் கிளறிப் பார்த்தேன். ஒரு பொடித் துண்டு வந்திருக்குது. ரத்தம் இல்ல. டாக்டர் இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும்னாரு. காலையிலதான் முதமுதலா சிரிச்சா.

கார்டைப் போடாதே. வெல்லம் புளிச்சுப்போச்சுன்னு நீ எழுதினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாரு. புளிச்ச மிட்டாயை யாரு குப்பையில போடுவா? கடைக்காரன் திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு வேலைக்காரிக்குக் குடுப்பான். அவ பிள்ளைங்களுக்குக் கொண்டுபோவா. கோயில் வாசல்ல உக்காந்திருக்கறவங்களுக்குப் போடுவாங்க. வெல்லம் புளிச்சா வயிறு வலிக்கும், அவ்வளவுதான்னு நினைப்பாங்க. கண்ணாடின்னு சொன்னாத்தான் கையை உதறுவாங்க. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவங்களுக்கு உன் கார்டு எப்படிப் போவும்?

தெருவுல சொல்லு. மைக் கட்டிச் சொல்லு. பேரு போவும்தான். போகட்டும். அப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாருன்னெல்லாம் நான் கேக்கப் போறதில்ல. எனக்குத் தெரியாது. அவரும் பயந்திருப்பாரு.

உன் கடுதாசியை வேதா அப்பாவே படிச்சாரு, சத்தமா. 'பொண்டாட்டியைத் திட்டாம இருந்தாரா?'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. காட்பாடி, குடியாத்தம் பார்த்துட்டு ஆரணிக்குப் போவாராம். உனக்குச் சரக்கு எடுக்கற கடையெல்லாம் அவருக்குத் தெரியுமே. 'இந்தப் பக்கம் நான் பார்த்துக்கறேன், உங்க அண்ணன் ஊரைப் பார்க்கட்டும்'ன்னாரு. இந்த வார்த்தையை அப்படியே எழுதச் சொன்னாரு.

அண்ணியைத் தனியா விடாதே.

ரேணுகா


திருவண்ணாமலை
27.11.1982

ரேணுகா,

வேதா சிரித்தாள் என்ற வரியை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அன்றுதான் அவள் சாப்பிட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'உன் சரக்கை நீயே வாங்காதேன்னு சொல்லப் போறியா?' என்றார். தீபக் கூட்டத்தில் அவருக்கு ஆயிரம் வேலை. அனுமதி கொடுத்துவிட்டு, ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

வியாழக்கிழமை ஒரு குதிரைவண்டியில் மைக் கட்டிக்கொண்டு தேரடித் தெருவிலிருந்து ஆரம்பித்தேன். கௌரவமாகச் சொல்லவேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். 'ராஜமாணிக்கம் கடலை மிட்டாய்! பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! ராஜமாணிக்கம் கடலை மிட்டாய் வாங்கியவர்கள், வாங்க இருப்பவர்கள்...' என்று போகும். இந்தப் பக்கம் பாத்திரக்கடை மைக், அந்தப் பக்கம் சர்க்கஸ், நாதஸ்வரம், காணாமல் போன பிள்ளைகளின் பெயர். அந்த இரைச்சலில் நான் என்ன சொன்னேனோ, ஜனங்கள் காதில் என்ன விழுந்ததோ. வண்டிக்குப் பின்னால் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். சரி, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறார்கள் என்று நிறுத்தினேன். ஒரு அம்மாள் முந்தானையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: 'இங்கயே கெடைக்குமா, கடைக்கு வரணுமா?'

விளம்பரம் என்று நினைத்திருக்கிறார்கள், ரேணுகா. சாயங்காலம் வரைக்கும் நான் ஊர் முழுக்க என் மிட்டாய்க்கு விளம்பரம் செய்திருக்கிறேன். அன்றைக்கு வியாபாரம் அதிகம் என்று சன்னதித் தெருக் கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று சாயங்காலம் வாங்கியவர்கள் யார் யாரோ. எந்த ஊரோ.

மறுநாள் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அண்ணி சொன்னாள், 'பேரை முதல்ல சொல்லாதீங்க. பயத்தை முதல்ல சொல்லுங்க.' அவளும் வண்டியில் ஏறினாள். 'கண்ணாடி! கண்ணாடி! வாயைக் கிழிக்கும்! கடலை மிட்டாய்ல கண்ணாடி இருக்குது, வாங்காதீங்க! வாங்கினவங்க திங்காதீங்க! இந்தப் படம் போட்ட பாக்கெட்!' இதைத்தான் மாறி மாறிக் கத்தினோம். அவள் சீட்டைக் கையில் தூக்கிப் பிடித்தாள். ஜனங்கள் நின்றார்கள். ஒருத்தி பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தாள். அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கடைக்காரர்கள் வண்டியை மறித்தார்கள். 'உன் கடையை மூடறதுன்னா மூடு, கடலை மிட்டாய்னு பொதுவா கத்தி எங்க பொழைப்புல ஏன்டா மண்ணப் போடறே' என்றார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய? மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது. பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டி, சாட்சிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு, சாணியைக் கரைத்து ஊற்றி மூடுகிறோம். இல்லாவிட்டால் யாராவது தோண்டி எடுத்துவிடுவார்கள்.

மாப்பிள்ளையிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா?

சகாதேவன்


வேலூர்
29.11.1982

அண்ணா,

வேதா நல்லா இருக்கா. இனிமே பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இட்லி கேட்டா, குடுத்தேன்.

இவரு முந்தாநாள் வந்தாரு. இடது கன்னம் வீங்கியிருந்துச்சு. கேட்டா பல்வலின்னாரு. அப்புறம் மெதுவா வந்துச்சு. காட்பாடியில எல்லாரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. குடியாத்தத்துல ஒருத்தரு அழாத குறையா நன்றி சொன்னாராம். ஆரணியிலதான் வினை. அங்க ஒரு கடைக்காரன், பாக்கெட்டை எல்லாம் கிழிச்சுட்டு மிட்டாயை ஜாடியில கொட்டிச் சில்லறையா வித்துக்கிட்டு இருக்கான். படமும் இல்ல, பேரும் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடை. 'இது உங்க சரக்குன்னு என்ன அத்தாட்சி?'ன்னு கேக்கறான். 'நீ அந்தக் கம்பெனியிலிருந்து விரட்டி விட்ட ஆளு, எனக்குத் தெரியாதா, பழி தீர்க்க வந்திருக்கே'ன்னு நாலு பேரைக் கூட்டிட்டான். இவரு எவ்வளவோ சொல்லியிருக்காரு. பள்ளிக்கூடம் விடற மணி அடிச்சிருக்குது. பிள்ளைங்க ஓடி வருதுங்க. இவரு பக்கத்துல இருந்த மண்ணெண்ணெயை அளக்கற குவளையால மொண்டு, அப்படியே ஜாடிக்குள்ள ஊத்திட்டாரு.

அடிச்சிருக்காங்க. நல்லா அடிச்சிருக்காங்க. 'பரவாயில்ல, இனிமே அதை எவனும் திங்க முடியாது'ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. எனக்குச் சிரிப்பு வரல. உக்காந்து அழுதேன்.

உன் மைக் கதையைப் படிச்சு, 'விளம்பரம்னு நினைச்சாங்களா'ன்னாரு. அதுக்கும் சிரிப்பாருன்னு பார்த்தேன். முகம் மாறிடுச்சு. 'அன்னிக்கு வாங்கினவங்களை எப்படிக் கண்டுபிடிக்கறது?'ன்னு கேட்டாரு. நீயும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பே. நாளைக்கு தீபம். எனக்கு மலையைப் பார்த்துக் கும்பிடணும் போல இருக்குது. இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்.

ரேணுகா


திருவண்ணாமலை
2.12.1982

ரேணுகா,

பயந்தது நடந்துவிட்டது.

அடி அண்ணாமலையில் இருசப்பன் என்று ஒருவர். பங்குக்குப் பயிர் வைத்துக்கொண்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவர்களுக்கு மோர், பானகம் விற்கிறவர். ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், பாஞ்சாலை. தீபத்தன்று காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருக்கிறாள். கூட்டத்தில் வண்டி கிடைக்காமல், தோளில் தூக்கிக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். குடல் கிழிந்திருக்கும் போலிருக்கிறது, வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து எனக்குச் சொன்னார். குழந்தையின் பாவாடையில் முடிந்து வைத்திருந்த மிட்டாய் எங்களுடையது.

நான் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், நான் யார் என்று தெரியாமல் சொன்னாள்: 'வியாழக்கெழமை டவுனுக்குப் போனாரு. மைக்ல ஜோரா சொல்லிக்கினு போனாங்களாம். நல்ல மிட்டாயா இருக்கும்போலன்னு புள்ளைக்கு வாங்கியாந்தாரு.'

என் குரலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் ஆதிமூலம் சொன்னபடி கார்டு போட்டிருந்தால் இந்தக் குழந்தை இதைத் தின்றிருக்காது. நடுச் சாலையில் நின்றுகொண்டு இதைத்தான் நினைத்தேன். மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறார்கள். என்னால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

நான் வேலூருக்கு வரவேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? கோழை என்று நீ சொன்னால் ஆமாம். நீ போ, ரேணுகா. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருப்பார்கள். என்ன வேண்டுமோ செய். உயிர் இருக்கிறதா என்று தந்தி கொடு.

சகாதேவன்


வேலூர்
6.12.1982

அண்ணா,

தந்தி கிடைச்சிருக்கும். உயிர் இருக்குது. ஆபரேஷன் முடிஞ்சுது. குடல்ல ஓட்டை இருந்துச்சாம், தைச்சிருக்காங்க. ஜுரம் இறங்கினாத்தான் சொல்ல முடியும்னாங்க. நேத்துதான் இறங்கினது. அதான் இப்ப எழுதறேன்.

முதல் நாள் நான் யாருன்னு சொல்லல. கஞ்சியும் ப்ளாஸ்கும் கொண்டுபோனேன். ஊர்க்காரின்னு சொல்லிக்கிட்டு உக்காந்தேன். அந்த அம்மா பேரு ராணியம்மாள். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எந்தப் பாவி செஞ்சானோ, அவன் குடும்பம் வெளங்காது'ன்னு அழுதுச்சு. எனக்கு அங்க உக்காரவும் முடியல, எழுந்திருக்கவும் முடியல.

மறுநாள் சொல்லிட்டேன். 'அந்த மிட்டாய் எங்க அண்ணனுது. என் பொண்ணு வாயையும் அது கிழிச்சுடுச்சு'ன்னேன். அந்த அம்மா நான் கொண்டுபோன கஞ்சியை எடுத்து ஜன்னல் வழியா ஊத்திடுச்சு. ஊத்திட்டுக் கிண்ணத்தை என் கையில குடுத்துச்சு.

நான் வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தேன். இருசப்பன் வந்தாரு. ஒல்லியா, உன் வயசுதான் இருக்கும். 'உங்க அண்ணன் குரலு நல்லா கணீர்னு இருந்துச்சும்மா. பேரு மட்டுந்தான் காதுல வுழுந்துச்சு'ன்னாரு. அழுதேன். 'கண்ணாடின்னும் சேர்த்துத்தான் சொன்னாரா, மறைக்கல இல்ல?'ன்னு கேட்டாரு. மறைக்கல, ஆனா நாலு நாள் தாமதமாத்தான் நம்பினாரு, அதுக்கப்புறம் சொல்லத் தெரியாம சொல்லிட்டாருன்னு உள்ளபடி சொன்னேன். அவரு தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு.

இப்ப வேதா அப்பாதான் தினம் போய் உக்காந்துக்கறாரு. மருந்துச் சீட்டு எடுத்துக்கிட்டு ஓடறது, ரத்தத்துக்கு ஆளு பிடிக்கறது எல்லாம். மூணாவது நாள் இவரு ரத்தமே குடுத்தாரு. அந்த அம்மா இவரு கிட்டயும் பேசறதில்ல. ஆனா இவரு கொண்டுபோற கஞ்சியை ஊத்தறதில்ல.

நீ கார்டு போட்டிருந்தா இந்தக் குழந்தை தப்பிச்சிருக்கும்னு எழுதியிருக்கே. இருக்கலாம். வேற எந்தக் குழந்தை தப்பிச்சிருக்காதுன்னு உனக்குத் தெரியுமா? வாயிலிருந்து பிடுங்கி எறிஞ்சாளே ஒருத்தி, அவ பிள்ளைக்குப் பேரு என்ன? இந்தக் கணக்கு உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. விட்டுடு.

ஆனா நீ வரணும். நான் உனக்குப் பதிலா எத்தனை நாள் அந்தப் படிக்கட்டுல உக்காருவேன்?

ரேணுகா


திருவண்ணாமலை
9.1.1983

ரேணுகா,

உன் வீட்டிலிருந்து வந்த பிறகு உனக்கு எழுதவே இல்லை. ஆஸ்பத்திரியில் நான் அந்தக் குழந்தையின் கட்டில் பக்கத்தில் நின்றது, ராணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தது, எல்லாம் நீ பார்த்ததுதான். பஸ் ஏற்றிவிடும்போது மாப்பிள்ளை, 'கேஸ் வந்தா சொல்லுங்க, ஜாமீனுக்கு நான் வரேன்' என்றார். வேறு பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. நானும் எடுக்க நினைத்தேன், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வேலைக்காரர்கள் எதிரில் அன்று சொன்ன அந்த வார்த்தைக்காக அவரிடம் நேரில் ஒரு முறை மன்னிப்புக் கேட்கவேண்டும். பொங்கலுக்கு வருவீர்கள் என்றால் கேட்டுவிடுவேன்.

கேஸ் வரப் போகிறது. கண்ணாடி கடைகளில் கலந்தது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். நான் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன் என்றேன். உன் அண்ணி, 'அண்டாவைக் கொட்டாதேன்னு சொன்னது நான், என் பேரைச் சொல்லுங்க' என்கிறாள். அவளை வாய் திறக்க விடாமல் வைத்திருந்தது நான்தானே. இதை அவளிடமும் சொன்னேன். பட்டறை மூடியேதான் கிடக்கிறது. ஜெயில் என்றால் ஜெயில். பயம் இல்லாமல் இல்லை. இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

எழுத வந்தது வேறு. வெள்ளிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. இருசப்பன். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். 'பாஞ்சாலை?' என்றேன். 'நடக்குது. கொஞ்சம் கொஞ்சமா சோறு துன்னுது' என்றார். சைக்கிள் கேரியரிலிருந்து ஒரு சாக்கை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். உள்ளே எங்கள் பாக்கெட்டுகள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் வீடு வீடாகப் போயிருக்கிறார். அவர் ஊர் மட்டும் இல்லை, மலை சுற்றும் வழியில் இருக்கும் எல்லா ஊரும். படிக்கத் தெரியாது அவருக்கு. அப்பா படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். தீபத்துக்கு வாங்கிப் பொங்கலுக்கு என்று பானையில் போட்டு வைத்தவர்கள், பரண் மேல் வைத்து மறந்தவர்கள். 'மைக்ல சொன்னது எங்க ஆளுங்க காதுக்கு எட்டலீங்க. எம் பொண்ணு வயித்துத் தையலைக் காட்டினேன். குடுத்துட்டாங்க' என்றார்.

நான் அவர் காலில் விழப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டார்.

'வேணாங்க. எனக்கு உங்க மேல கோவம் போவல. அந்தப் புள்ள துடிச்சதை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். கோவம் வேற, இது வேற. இன்னொருத்தன் ஊட்ல அப்படித் துடிக்கக் கூடாது' என்றார்.

உன் அண்ணி காப்பி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றுவிட்டார். குழியில் கொட்டும்வரை நின்று பார்த்தார். சாணித் தண்ணீரை நான் ஊற்றும்போது அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்தார். சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலை மறுபடியும் வந்தார். ஒரே ஒரு பாக்கெட். வேங்கிக்கால் பக்கம் அவர் அக்கா வீட்டில் இருந்ததாம். அதற்காக அவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். கொட்டி மூடினோம். உன் அண்ணி காப்பியை அவர் எதிரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, 'காட்டாம்பூண்டி பக்கம் இன்னும் பார்க்கல. நாளைக்குப் போறேன். நீங்களும் வரீங்களா?' என்றார்.

விடிந்ததும் போகிறோம்.

சகாதேவன்